சம்மட்டியில் வியர்வை இல்லை

பதின்ம வயதினருக்காக எழுதப்படும் மாயக்கதை நாவல்களை இந்த வயதிலும் விடாமல் படிக்கிறேன். அண்மையில் ஒன்று கைக்கு வந்தது. டிராகனும் மந்திரப் பள்ளிக்கூடமும் இல்லை. முழுக்க அமெரிக்க நாட்டார் கதைகள். பின்னட்டையில் ஜான் ஹென்றி, பால் பன்யன் பெயர்களைப் பார்த்ததும் ஆசையாகத்தான் தொடங்கினேன். பாதி தாண்டுவதற்குள் ஆசை வடிந்துவிட்டது.

ஜான் ஹென்றியின் கதை வேலையிலிருந்து பிறந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தார் ரயில் பாதை வேலைக்குப் போன காலம். மேற்கு வர்ஜீனியாவின் டால்காட் அருகே 1870களின் தொடக்கத்தில் பிக் பெண்ட் சுரங்கப்பாதையைக் குடைந்தார்கள். ஒருவன் எஃகு உளியைப் பாறையில் பிடிப்பான். மற்றவன் சம்மட்டியால் அடிப்பான். ஒவ்வோர் அடிக்கும் இடையில் உளியைத் திருப்ப வேண்டும். தாளம் தப்பினால் பிடித்தவன் கை போய்விடும். பாட்டு அந்தத் தாளத்தைக் காத்தது. நீராவித் துளைப்பு இயந்திரத்தோடு போட்டியிட்டு ஜான் ஹென்றி ஜெயித்தான், ஜெயித்த களைப்பிலேயே செத்தான் என்கிறது கதை. அவன் வர்ஜீனியா சிறையிலிருந்து வேலைக்கு அனுப்பப்பட்ட கைதி என்று 2006இல் வந்த தன் நூலில் வாதிடுகிறார் வரலாற்றாசிரியர் ஸ்காட் நெல்சன்.

நான் படித்த நாவலில் அந்தச் சம்மட்டி ஒரு மந்திர ஆயுதம். நாயகி தொட்டதும் நீல ஒளி வீசுகிறது. கூலி இல்லை, மேஸ்திரி இல்லை, பாறைத்தூசி இல்லை. உழைத்துச் செத்தவனின் கருவி, பிறவியிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவளுக்குச் சும்மா கிடைத்துவிடுகிறது.

ராட்சத மரவெட்டி பன்யனுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். பழைய கதைகளில், மரவெட்டிகளின் முகாமில் அவனுடைய சமையற்காரரின் தோசைக்கல் எவ்வளவு பெரியது தெரியுமா? ஆட்கள் காலில் பன்றிக்கொழுப்பைக் கட்டிக்கொண்டு அதன்மேல் சறுக்கித்தான் எண்ணெய் தடவ வேண்டும். பனிக்காலத்தில் பேசிய பேச்சு உறைந்து போய், வசந்தத்தில் உருகித்தான் காதில் விழும். துளியும் சிரிக்காமல் இப்படிப் புளுகுவதுதான் இந்தக் கதைகளின் கலை. நாவலிலோ பன்யன் முகம் தொங்கிய பழைய தெய்வம். தன் சக்தியின் விதிமுறைகளைப் பக்கம் பக்கமாக விளக்குகிறான்.

பழைய கதையை மாற்றவே கூடாது என்பதல்ல என் கட்சி. பன்யனை நாடெங்கும் கொண்டுபோனதே ஒரு மரக் கம்பெனி 1914இல் அச்சிட்ட விளம்பரப் பிரசுரம்தான். அவனைப் போலி நாட்டார் நாயகன் என்று ரிச்சர்ட் டார்சன் போன்ற அறிஞர்கள் சாடியும் அவன் பிழைத்துக் கிடக்கிறான். 2019இல் வந்த குவாமி எம்பாலியாவின் ‘டிரிஸ்டன் ஸ்ட்ராங்’ நாவலிலும் ஜான் ஹென்றி உண்டு, கறுப்பின நாட்டார் கதைகளின் தந்திரக்கார முயலண்ணன் உண்டு, மந்திரமும் உண்டு. ஆனால் அங்கே நண்பனைப் பறிகொடுத்த சிறுவனின் துக்கத்துக்கும் அந்தக் கதைகளுக்கும் ரத்த உறவு இருக்கிறது. இங்கே பெயர்களை மட்டும் கடன் வாங்கியிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு இந்த நாட்டார் கதை உலகத்தை அறிமுகப்படுத்த நினைப்பவர்கள், ஜூலியஸ் லெஸ்டர் எழுதி ஜெர்ரி பிங்க்னி படம் வரைந்த ‘ஜான் ஹென்றி’யிலிருந்து தொடங்குங்கள். பெரியவர்கள் புளோரிடாவின் கறுப்பின மக்களிடம் சோரா நீல் ஹர்ஸ்டன் நேரில் கேட்டுத் தொகுத்து 1935இல் வெளியிட்ட ‘மியூல்ஸ் அண்ட் மென்’ படிக்கலாம். இந்த நாவலுக்கு அவசரமில்லை.