டயரின் வயசு

ஹோல்புரூக் தாண்டி ஐ-40 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தோம். 2023, ஜூலை மதியம். பின்னால் ஏதோ வெடித்த சத்தம். கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லரின் வலப்பக்கத்திலிருந்து கறுப்பு ரப்பர் பட்டைபட்டையாகப் பறக்கிறது. ஓரங்கட்டி இறங்கினேன். சக்கரத்துக்கு மேலிருந்த தகடு கிழிந்து, சமையலறைத் தண்ணீர்க் குழாயும் உடைந்திருந்தது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, காருக்குள் கண்ணை மூடி கந்தசஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"டயரெல்லாம் பார்த்தாச்சுன்னீங்களே?" என்றாள் மனைவி.

பார்த்தேன்தான். டிரெட் இடுக்கில் காசை வைத்து ஆழம்கூடப் பார்த்தேன், புதுசு மாதிரி இருந்தது. பக்கச்சுவரில் டி.ஓ.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைத்தான் பார்க்கவில்லை. 2316. அதாவது 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வருஷம் முழுக்க வெயிலில் சும்மா நிற்கும் டிரெய்லரில் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் கிழடாகிவிடும். ஐந்தாறு வருஷத்தில் மாற்றியே ஆகவேண்டுமாம். இவ்வளவுக்கும் அதை வாங்கியபோது விற்றவரிடம் பேரம் பேசியதெல்லாம் ஏ.சி.யைப் பற்றி!

ஸ்டெப்னியை மாட்டி வின்ஸ்லோ வரை ஊர்ந்தோம். டயர் கடைப் பெரியவர் விலையே சொல்லவில்லை. "முதல்ல எடை போட்டுட்டு வா" என்று லாரிகள் நிற்கும் இடத்துக்கு அனுப்பினார். கார் டயர் மலிவாயிற்றே என்றேன். தலையை ஆட்டினார். இரண்டு அச்சு டிரெய்லர் வளைவில் திரும்பும்போது டயர்கள் பக்கவாட்டில் இழுபடும், மெத்தென்ற பக்கச்சுவர் அதைத் தாங்காது, எஸ்.டி. என்று போட்ட டிரெய்லர் டயர்தான் வேண்டும் என்றார்.

பழையவை 14 அங்குலம், லோட் ரேஞ்ச் சி. ஒன்று 1,760 பவுண்டு தாங்கும், நான்கும் சேர்ந்து 7,040. எடைமேடையில் வந்தது 6,600. அப்பாடா என்றிருந்தது. பெரியவர் சொன்னபடி ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றி மறுபடி போட்டோம். வலப்பக்கம் மட்டும் 3,600, தாங்கக்கூடியதோ 3,520. சமையலறை, ஃப்ரிட்ஜ், அரிசி மூட்டை, அம்மாவுக்காக ஏற்றிய கிரைண்டர், எல்லாம் அந்தப் பக்கம்தான்.

அதே அளவில் லோட் ரேஞ்ச் டி வாங்கினோம். 65 பி.எஸ்.ஐ. காற்றில் ஒவ்வொன்றும் 2,040 பவுண்டு தாங்கும். ரிம் அதைத் தாங்குமா என்று பொறித்திருந்ததைப் படித்துப் பார்த்த பிறகுதான் மாட்டினார். நான்கின் தேதியையும் நானே குனிந்து படித்தேன்.

இப்போதும் எங்காவது கிளம்பினால் அம்மா ஊரிலிருந்து போனில் கேட்பார்: "கிரைண்டர எந்தப் பக்கம்டா வச்சிருக்க?"