ஒன்றுமே ஓடாத இரு குழாய்கள்



தோட்டப்புறத்தில் வளர்ந்த என் தலைமுறையினருக்கு மோரிஸ் மைனர் மகிழுந்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட இவ்வண்டி, 1970-களின் தொடக்கம் வரை உற்பத்தியில் இருந்தது. மொத்தம் 16 இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. பேராவில் தோட்டக் கிராணியாக இருந்த என் சித்தப்பாவிடமும் 948 சிசி இயந்திரம் கொண்ட ஒன்று இருந்தது. தோட்டம் கைமாறி, லயன்கள் இடிக்கப்பட்ட பின்பு, அவ்வண்டி ஈப்போவில் உள்ள தம்பி வீட்டிற்கு வந்து சேர்ந்தது.

அண்மையில் தம்பி அதை மீண்டும் ஓடச் செய்ய முனைந்தார். நானும் உடனிருந்தேன். ஆறாம் ஆண்டு பயிலும் அவர் மகளும் வந்து நின்றாள். சற்று நேரம் உற்றுப் பார்த்தவள், “பெரியப்பா, பெட்ரோல் வருகிற குழாய் இது. மற்ற இரண்டிலும் ஒன்றுமே ஓடவில்லையே! அவை எதற்கு?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. அக்கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

முதற்குழாய், கார்புரேட்டரிலிருந்து இயந்திரத்தின் மறுபுறம் உள்ள டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் மெல்லிய குழாய். இதில் ஓடுவது எரிபொருளன்று. உறிஞ்சும் விசை மட்டுமே. கார்புரேட்டரின் த்ராட்டில் தகட்டு விளிம்பருகே இதன் துளை உள்ளது. வண்டி சமதரையில் நிதானமாக ஓடும்போது தகடு சிறிதளவே திறந்திருக்கும்; அப்போது உறிஞ்சல் மிகுதி. இயந்திரத்தினுள் கலவை அடர்த்தி குறைந்து மெதுவாக எரிவதால், தீப்பொறி சற்று முன்னதாகவே எழவேண்டும். டிஸ்டிரிபியூட்டரில் உள்ள சவ்வை இவ்வுறிஞ்சல் இழுத்துத் தீப்பொறியை முற்படுத்துகிறது. மேட்டில் ஏறுகையில் தகடு முழுதும் திறக்கிறது, உறிஞ்சல் குன்றுகிறது, தீப்பொறியும் பின்னுக்கு வருகிறது. ஆக, வெறுமையே இங்கு வேலையாள்!

இதைப் பிள்ளைக்கு எவ்வாறு காட்டுவது? இயந்திரத்தை நிறுத்திவிட்டு, டிஸ்டிரிபியூட்டரின் மூடியைக் கழற்றினோம். குழாயின் கார்புரேட்டர் முனையை விடுவித்து, அதில் ஊசியில்லாத மருந்தூசிக் குழலைப் பொருத்தி அவளையே இழுக்கச் சொன்னோம். உள்ளே தகடு அசைந்தது. விட்டதும் பழைய இடத்திற்குத் திரும்பியது. அசையாவிடில் சவ்வு கிழிந்திருக்கிறது அல்லது குழாயில் வெடிப்பிருக்கிறது என்று பொருள்.

இரண்டாவது குழாய்தான் நம்மை அச்சுறுத்தியது. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பியதும், மிதவை உயர்ந்து ஓர் ஊசியால் வழியை அடைக்கும். அங்கே ஒரு தூசு சிக்கினால் அடைப்பு நடவாது, பெட்ரோல் பொங்கும். பொங்குவதைக் கீழே தரைக்குக் கொண்டுசெல்வதே வழிவுக் குழாயின் பணி. இவ்வண்டியிலோ முன்பு யாரோ ஒரு பட்டறையில் அக்குழாயை நீக்கி, குட்டையான ரப்பர்த் துண்டு ஒன்றை மாட்டியிருந்தனர். அதன் வாய், நேர் கீழேயிருந்த புகைபோக்கியின் மேல் நின்றது! சூடேறிய இரும்பின்மீது பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டுமா?

தம்பி உடனே மின்கலத்தின் கம்பியைக் கழற்றினார். புதிய உலோகக் குழாயை வளைத்து, புகைபோக்கியைத் தொடாதவாறு ஒதுக்கி, இயந்திரத்தின் அடிப்பகுதிக்குக் கீழே முடியுமாறு இறக்கினார். அதன் முனையை அடைக்கவில்லை. கிண்ணத்திற்குக் காற்று செல்லும் வழியும் அதுவே. அடைத்தால் பெட்ரோல் சீராக வராது. பிறகு மின்கலத்தை இணைத்துச் சாவியைத் திருப்பினோம். மின்பம்பு ‘டக் டக்’ என்று ஒலித்து, கிண்ணம் நிரம்பியதும் அடங்கியது. இயந்திரத்தை இயக்காதபோதும் ஒலி அடங்காவிடில், எங்கோ பெட்ரோல் வழிகிறது என்று அறிக.

இணைப்புகளுக்கு எந்த ரப்பரை வாங்குவது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. 1877-இல் சிங்கப்பூர் வந்த 22 ரப்பர் நாற்றுகளுள் 9 நம் பேராவின் கோலாகங்சாரில் நடப்பட்டன. அவ்வழி பெருகிய மரங்களில் நம் முன்னோர் பால் வெட்டினர். எனினும் அவ்வியற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறினால் உப்பி நைந்துவிடும். பெட்ரோலுக்கென்றே நைட்ரைல் எனும் செயற்கை ரப்பர்க் குழாய் விற்கப்படுகிறது. கடையில் அதைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

பெற்றோர்களே, பட்டறை வேலை என்றாலே ‘படிக்காதவன் பிழைப்பு’ என்று நம்மிற் சிலர் முகம் சுளிக்கின்றனர். மேலே கண்டவற்றில் காற்றழுத்தம், வெப்பம், மின்சாரம், வேதியியல் ஆகிய நான்கும் இருக்கின்றன. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது. பயிற்சி நூல்களுக்கென ஒதுக்கிய நேரத்தில் ஒரு பகுதியையாவது இத்தகைய ஆய்வுக்குத் தருவோமே!

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தக் குழாயையும் கழற்றுமுன் அது எங்கிருந்து எங்கே செல்கிறது என்று மாணவரை வரைந்து பெயரெழுதச் சொல்லுங்கள். தம்பி மகள் வரைந்த படத்தைப் பார்த்துத்தான் நாங்கள் மீண்டும் பூட்டினோம். வழிவுக் குழாய்க்கு அவள் இட்ட பெயர் ‘காவல் குழாய்’. எந்நாளும் வேலையின்றிக் கிடந்தால்தான் அது நல்ல செய்தி. வேலையின்றிக் கிடக்கிறதே என்று அகற்றிவிட்டால், தேவைப்படும் நாளில் அது அங்கே இராது.

பிள்ளைகள் “இது எதற்கு?” என்று கேட்கும்போது, “உனக்கேன்?” என்று வாயை அடைக்காதிருப்போம். தெரிந்தால் விளக்குவோம், தெரியாவிடில் சேர்ந்து தேடுவோம்.