தாளில் இருந்த எண்

டெக்சாஸில் கட்டடப் பணி ஒப்பந்தம் எடுக்கும் என் தம்பியின் வீட்டில் சென்ற விடுமுறையைக் கழித்தேன். அவனுடைய பெரிய பிக்கப் வண்டியுடன் வந்த தாள் கேலனுக்கு 20 மைல் என்றது, கிடைத்ததோ 15. "விற்றவர் பொய்யர், காக்கா" என்று பலரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

ஒரு வாரம் உடன் சென்றேன். நெடுஞ்சாலையில் 80 மைல் வேகம்; வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் காற்றுத்தடை பெருகுமே! பின்னால் ட்ரெய்லர். நிறுத்திய இடத்திலும் ஏசிக்காக அணையாத இன்ஜின். தாளில் இருந்த எண்ணோ ஆய்வுக்கூடத்தில் அளந்தது. ஓட்டும் முறைக்கேற்ப மாறும் என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. நாங்கள்தான் வாசிக்கவில்லை.

ட்ரெய்லரைக் கழற்றி 65 மைலில் ஓட்டியபோது 18 கிடைத்தது. எஞ்சிய இரண்டு மைலைவிட, ஒரு மனிதரின் மானத்தைக் குறைத்ததே தம்பியை உறுத்தியது. மன்னிப்புக் கேட்க மறுநாள் அவனே சென்றான்; மெதுவாகத்தான் ஓட்டினான்.