உறையூர்ச் சுருட்டும் ஹவானாச் சுருட்டும்

ஆங்கில அகராதியில் 'செரூட்' என்று ஒரு சொல் உண்டு. வேறொன்றுமில்லை, நம்முடைய 'சுருட்டு'தான். கட்டுமரம், மிளகுத்தண்ணி மாதிரி கப்பலேறிப் போன சொல். சொல்லோடு சரக்கும் போனது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் உதிர்ந்து கிடந்த சாம்பலை வைத்து, கொலைகாரன் பிடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். சர்ச்சிலுக்கு உறையூரிலிருந்து பெட்டி பெட்டியாகப் போனது என்ற கதையைக் கேட்காமல் எங்கள் தெருவில் யாரும் வளர்ந்ததில்லை.

என் அப்பா உறையூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் இலை தரம் பிரிப்பவர். முப்பத்தி நாலு வருஷம் அதே வேலை. இலையை மடியில் விரித்து, விரலால் நீவி, மோந்து பார்த்து 'ஒண்ணு', 'ரெண்டு', 'கழிவு' என்று மூன்று குவியலாகப் போடுவார். இலை நொறுங்கினால் காய்ச்சல் அதிகம். பிசுபிசுத்தால் பாடம் பத்தவில்லை. மூக்கில் ஏறினால் இன்னும் கொஞ்ச நாள் அடுக்கில் கிடக்க வேண்டும். இதெல்லாம் அவர் சொல்லித் தந்தது.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. "ஹவானா ஹவானாங்கறானே, நம்ம சரக்கை விட அதுல அப்படி என்னடா இருக்கு? ஒரு தடவை பாத்துடணும்" என்பார். பார்க்காமலே 1986-இல் போய்விட்டார்.

போன தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை விமான நிலையத்துக் கடையில் இரண்டு சுருட்டு வாங்கி வந்தார். "மாமா, தாத்தா ஆசைப்பட்டது இதுதானே?" என்று கையில் கொடுத்தார். பார்த்தகாஸ் கம்பெனி, சீரீஸ் டி நம்பர் 4. கியூபாவில் 1845-இலிருந்து இருக்கிற பெயர். நான் புகையை விட்டு நாற்பது வருஷம் ஆகப் போகிறது. மூன்று மாதம் பீரோவிலேயே கிடந்தது. கடைசியில், அப்பா கேட்ட கேள்விக்கு ஒரு பதில் வேண்டும் என்று தோன்றியது. என் மனைவியிடம் சொல்லிவிட்டே மொட்டை மாடிக்குப் போனேன். "ஒண்ணோட சரி" என்றாள்.

முதலில் அப்பா பார்ப்பது போலப் பார்த்தேன். நீளம் 124 மில்லிமீட்டர், ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பருமனை அவர்கள் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு என்று அளக்கிறார்கள். இது 50, நம் கட்டைவிரல் கனம். மேல் இலை முந்திரிப்பருப்பை வறுத்த நிறத்துக்கும் மேலே, லேசாக எண்ணெய் மினுக்கு. நரம்பு தடிப்பில்லை. அழுத்தினால் எங்கும் பொள்ளல் இல்லை, கட்டியும் இல்லை. இந்த இடத்தில் அப்பா 'ஒண்ணு' குவியலைக் காட்டியிருப்பார்.

உள்ளே இருக்கிற விஷயம் நம் புகையிலைக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். செடியின் அடி இலை நன்றாக எரியும், நடு இலை மணம் தரும், வெயில் குடித்த நுனி இலை காரம் தரும். கியூபாக்காரர்கள் இவற்றை வொலாடோ, சேகோ, லிகேரோ என்பார்கள். லிகேரோ கூடினால் அது 'ஃபுல் பாடி' சுருட்டு. இதுவும் அந்த ஜாதி.

தீக்குச்சியால் நிதானமாகச் சுற்றிச் சுற்றிப் பற்ற வைத்தேன். நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு, அதற்கு மேல் கூடாது, சூடேறினால் கசந்துவிடும். முதல் நாலைந்து இழுப்பில் மிளகு. பிறகு அது அடங்கி, வறுத்த காப்பிக்கொட்டையும் புதுத் தோல் செருப்பும் கலந்த மணம். பாதி வந்தபோது, முதல் மழை பெய்த மண்ணும், எங்கோ பின்னால் கருப்பட்டி மாதிரி ஒரு இனிப்பும். சாம்பல் வெளுப்பாக, ஒரு அங்குலம் வரை உதிராமல் நின்றது. முக்கால் பங்கில் காரம் திரும்ப வந்தது, இந்த முறை கனமாக. நெற்றி வியர்த்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தேன், ஆனாலும் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் தேவைப்பட்டது. அத்தோடு வைத்துவிட்டேன்.

உறையூர்ச் சுருட்டு முதல் இழுப்பிலேயே தொண்டையைப் பிடிக்கும். கடைசி வரை அதே முகம்தான். ஹவானா மூன்று முறை முகம் மாறுகிறது. காரணம் இலை மட்டுமல்ல. அங்கே இலையை அம்பாரமாகக் குவித்து, சூடேற்றிப் புளிக்க வைத்து, நெடி போகும் வரை மாதக்கணக்கில், சிலதை வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் வாராவாரம் கூலி எண்ணிக் கொடுக்க வேண்டிய முதலாளிக்கு அவ்வளவு காத்திருக்கக் கை வராது. சுருட்டுகிற கையில் நம்மவர்கள் ஒரு மாற்றுக் குறைந்தவர்கள் இல்லை. அப்பா, பதில் இதுதான்: சரக்கு ஒசத்திதான், ஆனால் உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை.

மிச்சமிருந்த ஒன்றைக் கருப்பர் கோயிலில் படைத்துவிட்டேன். பூசாரி மோந்து பார்த்து, "நல்ல சரக்கா இருக்கே சார், எந்தக் கடை?" என்றார்.

இதைப் படித்துவிட்டு யாரும் வாங்கக் கிளம்ப வேண்டாம் என்பதற்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நாங்க புகையை உள்ளே இழுக்கறதில்லையே, எங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்று கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். அப்பாவும் சொன்னார். சுருட்டின் புகைக்கு நெஞ்சுக்குள் போக வேண்டிய அவசியமே இல்லை. அதன் காரத்தன்மையால் நிகோடின் வாய்த் தோல் வழியாகவே ஏறிவிடும். மற்ற விஷமும் வாயிலேயே படியும். அப்பாவுக்கு நாக்கின் ஓரத்தில் சின்னதாக ஒரு புண் வந்தது. சுண்ணாம்பு பட்டது என்றார், பல் குத்தியது என்றார். ஐந்து மாதம் யாரிடமும் காட்டவில்லை. கரண்ட் வைத்தார்கள். அதன் பிறகு உப்பா உறைப்பா என்று எதுவும் தெரியவில்லை அவருக்கு. எதை மோந்தாலும் ஊர் பெயர் சொல்லக்கூடிய மனிதர், கடைசி எட்டு மாதம் ரசத்துக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்தார்.

என் வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். புகை, வெற்றிலை, பன்னீர்ப் புகையிலை என்று எந்தப் பழக்கம் இருந்தாலும், இப்போது விட்டிருந்தாலும், வாயில் ஒரு புண்ணோ வெள்ளைத் திட்டோ இரண்டு வாரத்தில் ஆறவில்லையென்றால் டாக்டரிடம் நாக்கை நீட்டிக் காட்டிவிடுங்கள். காட்டுவதில் கூச்சம் வேண்டாம்.