எழுத்துக்கூட்ட இயலாத மாணவன்

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய கட்டுரைக் கொப்பியை எல்லார் முன்னிலையிலும் உரக்க வாசித்துச் சிரிப்பொலி எழச் செய்த குற்றம் நம்முடையது. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என எழுதுவோர் பலர். இவனோ ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதியிருந்தான். வாய்மொழியாகக் கேட்டால் பாரதக் கதையைப் பிசகின்றிச் சொல்வான். சோம்பல் என்று தீர்ப்பளித்தோம். தமிழ்ப் பட்டம் பெற்ற நமக்கு அதற்குமேல் ஆராயத் தோன்றவில்லை.

மருத்துவ உளவியலின் வரலாற்றைப் பின்னர் படித்தபோது, முதற் பக்கத்திலேயே அவனை ஒத்த ஒருவனைக் கண்டோம். 1896 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஓர் ஆசிரியை, எழுத்துக்கூட்ட இயலாத 14 வயது மாணவன் ஒருவனைப் பற்றிப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து லைற்னர் விற்மரிடம் முறையிட்டார். விற்மர் ஜெர்மனியில் வூண்டிடம் ஆய்வுகூட உளவியல் பயின்றவர். உளவியலுக்கு ஏதேனும் பெறுமதி உண்டாயின் இத்தகைய பிள்ளைக்கு அது உதவ வேண்டாமா என்பதே விற்மரின் எண்ணம். விற்மர் அவனைப் பரிசோதித்தார். பார்வையிற் குறை இருந்தது. கண்ணாடி அணிவித்தும் இடர் முற்றாகத் தீரவில்லை; சொல்லின் வடிவம் அவன் நினைவில் நிலைக்கவில்லை. ஆகவே தனிப்பயிற்சி தொடர்ந்தது. அவ்வாண்டிலேயே விற்மரின் உளவியற் சிகிச்சை நிலையம் உருவாயிற்று. 1907 இல் தாம் தொடங்கிய சஞ்சிகையில் இத்துறைக்கு அவர் பெயருஞ் சூட்டினார்.

பைத்தியத்துக்கு மருந்து கொடுக்கும் துறை இதுவென்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். மருந்து பெரும்பாலும் உளமருத்துவரின் பணி. உளவியலாளரோ உரையாடியும், அளவிட்டும், வீட்டுச் சூழலை விசாரித்தும் இடரின் வேரைத் தேடுகிறார். இரண்டாம் உலகப் போரின் பின் படைவீரரின் உளக்காயங்கள் இத்துறையை மிக விரிவடையச் செய்தன. அச்சம், துயர், குடிப்பழக்கம் யாவும் இன்று அதன் எல்லைக்குள் அடங்கும். நாமும் வகுப்பறையில் ஒருவகை நோய்நாடலைச் செய்தே வருகிறோம்: காசுள்ள வீட்டுப் பிள்ளை தவறெழுதினால் ‘கவனக்குறைவு’, கூலிக்காரன் மகன் எழுதினால் ‘மொக்கு’!

அம்மாணவன் மறு ஆண்டே பள்ளியை விட்டு நின்றுவிட்டான். சென்ற மாதம் சந்தையில் அவனைக் கண்டோம். மரக்கறிக் கடை வைத்திருந்தான். பலகையில் விலைகள் அவன் கையெழுத்தில் இருந்தன. பொருட்களின் பெயர்களைத் தங்கையைக் கொண்டு எழுதுவித்திருந்தான்.

“சேர், இருங்கோ” என்று தன் முக்காலியை நமக்குத் தந்தான்.