நகத்துக்குத் தெரியாதது

ஜூன் 12 நெருங்க நெருங்க, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் பேச்சின் வேகமே மாறிவிடுகிறது. மேட்டூர் அணை திறந்து கல்லணை தாண்டித் தண்ணீர் வருவதற்குள் டிராக்டர் சேற்றில் இறங்கியாக வேண்டும். நான் போயிருந்த பட்டறையில் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒன்று பிரித்துப் போடப்பட்டிருந்தது. கோடை முழுக்க வைக்கோல் கட்டும் மெஷினை இழுத்த வண்டி. தூசி ஏர் கிளீனரைத் தாண்டி உள்ளே இறங்கியிருக்கிறது. ஆயில் பிரஷர் விழுந்ததும் வண்டிக்காரர் கொண்டுவந்துவிட்டார்.

மேஸ்திரி எஞ்சினின் கிராங்க் தண்டை டீசலில் கழுவித் துடைத்தார். கட்டைவிரல் நகத்தை, பேரிங்கில் சுழலும் ஒவ்வொரு ஜர்னலிலும் நீளவாக்கில் இழுத்தார். எங்கும் மாட்டவில்லை.

"அப்போ உப்புத்தாள் போட்டு மாட்டிடலாமாண்ணே? நாத்தங்கால் ரெடியா இருக்கு" என்றார் வண்டிக்காரர்.

"நகம் கீறலைத்தான் சொல்லும் தம்பி. உருண்டை போயிடுச்சான்னு அதுக்குத் தெரியாது."

மைக்ரோமீட்டர் வெளியே வந்தது. கிராங்கை எஞ்சினில் தாங்கும் நான்கு மெயின், கனெக்டிங் ராடு மாட்டும் மூன்று பின். ஒவ்வொன்றையும் இரண்டு முனையிலும், மேல்கீழாக ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை என்று அளந்து சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எழுதினார். மெயின் நான்கிலும் வித்தியாசம் மிகச் சொற்பம். நடுப் பின்னில் மட்டும் 0.07 மில்லிமீட்டர்; ஒரு தலைமுடியின் பருமன். வெடிப்பின் அடி ஒவ்வொரு முறையும் பின்னின் ஒரே பக்கத்தில் விழுவதால் அந்தப் பக்கம் தேய்ந்து ஓவலாகிறது. கழற்றிய பேரிங்கைக் காட்டினார். சாம்பல் பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. பேரிங்குக்கும் ஜர்னலுக்கும் நடுவில் ஆயில் நிற்கும் இடைவெளியே ஏறக்குறைய ஒரு முடிப் பருமன்தான். அந்த அளவுக்கு உருண்டை கெட்டால், புதுப் பேரிங் போட்டாலும் ஆயில் படலம் அறுந்துவிடும்.

பின்னைச் சாணை பிடிக்கத்தான் வேண்டும். பேரிங் செட்டாக வருவதால் மூன்று பின்னையும் ஒரே அளவுக்குக் குறைக்க வேண்டும். பட்டறை மொழியில் 'பத்து': ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து பங்கு, சுமார் கால் மில்லிமீட்டர். அதற்கு அடுத்தது இருபது, பிறகு முப்பது. ஒவ்வொரு சாணையிலும் கிராங்கின் ஆயுளில் ஒரு பங்கு கரைகிறது. அதனால்தான் மெயினைத் தொடக் கூடாது என்றார் அவர்; மெருகு மட்டும் போதுமாம். அதையும் சேர்த்துச் சாணைக்கு அனுப்பியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அன்று நான் பார்த்ததில் பெரிய வேலைத்திறன் இந்த மறுப்புதான்.

கிராங்கைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டினார். வெண்கல மணிபோல் நீண்டு ஒலித்தது. விரிசல் இருந்தால் சத்தம் செத்துவிடுமாம். காதை மட்டும் நம்பவில்லை. மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சாக்பீஸ் தூள் பூசிக் காத்திருந்தார். எந்தக் கோடும் கசிந்து வரவில்லை.

சாக்கில் சுற்றி, சாணைக்காரருக்குத் துண்டுச் சீட்டு எழுதினார்: 'பின் பத்து. மெயின் ஸ்டாண்டர்ட், மெருகு மட்டும். மூலை வளைவை வெட்ட வேண்டாம்.' பின்னும் அதைத் தாங்கும் கன்னமும் சேரும் அந்த வளைவு கூர்மையானால் கிராங்க் அங்கேதான் ஒடியும்.

வண்டிக்காரர் அப்போதே பேரிங் வாங்கக் கிளம்பினார்.

"இருங்க தம்பி. சாணை முடிஞ்சு வரட்டும், நான் இன்னொரு தடவை அளந்துட்டுச் சொல்றேன்."