அம்மாவைத் தேடி வந்த பெண்

நாடகம் என்றால் நமக்கு எது ஞாபகம் வரும்? ஒரு சபா, ஒரு திரை, முன் வரிசையில் இடம் பிடிக்க ஒரு கைக்குட்டை! மேடையில் இருப்பவர்கள் பேசுவார்கள். கீழே இருப்பவர்கள் கேட்பார்கள். இப்படியே பழகிப் போன எனக்கு, 2021-ஆம் வருஷம் நடந்த ஒரு நாடகம் பெரிய ஆச்சரியமாக இருந்தது. அதன் கதாநாயகி ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. மேடையோ, துருக்கியிலிருந்து இங்கிலாந்து வரை 8,000 கிலோமீட்டர்!

கதாநாயகியின் பெயர் அமல். அரபு மொழியில் 'நம்பிக்கை' என்று அர்த்தம். சிரியா தேசத்துப் பெண், வயது 9, அம்மாவைத் தேடித் தன்னந்தனியாகப் புறப்பட்டவள். உயரம் மட்டும் 11 அடிக்கு மேல். ஆமாம், பொம்மைதான்! தென்னாப்பிரிக்காவின் ஹாண்ட்ஸ்பிரிங் பொம்மலாட்டக் குழுவினர் செய்தது. பொய்க்கால் கட்டிய ஒருவர் உள்ளேயிருந்து நடந்துகொண்டே முகத்தையும் அசைப்பார். கைக்கு ஒருவராக இன்னும் இரண்டு பேர். கலை இயக்குநர் அமீர் நிஸார் சுவாபி, பாலஸ்தீனர். நடத்தியது 'குட் சான்ஸ்' என்ற பிரிட்டிஷ் நாடகக் குழு.

அந்தக் குழு பிறந்த இடமும் சபா அல்ல. 2015-இல், எப்படியாவது இங்கிலாந்து போய்ச் சேர வேண்டும் என்று பிரான்ஸின் கலே துறைமுகத்தருகே அகதிகள் கூட்டம் கூட்டமாகத் தங்கியிருந்தார்கள். ஜோ மர்ஃபி, ஜோ ராபர்ட்ஸன் என்ற இரண்டு இளைஞர்கள் அங்கே ஒரு கூடாரத்தை நாடகக் கொட்டகையாக நிறுத்தினார்கள். 2017-இல் லண்டனில் அரங்கேறிய 'தி ஜங்கிள்' நாடகம் அந்த முகாமின் கதைதான். முகாமில் இருந்தவர்கள் சிலரே அதில் நடித்தார்கள். அதில் வந்த ஒரு சிறுமிதான் பிறகு அமலாக வளர்ந்தாள்.

அமல் வரும் ஊரில் என்ன நடக்க வேண்டும் என்பதை அவ்வூர்க் கலைஞர்களும் சேர்ந்து தீர்மானித்தார்கள். ஆகவே ஊராரும் நடிகர்கள்தான்! பல இடங்களில் குழந்தைகள் ஓடி வந்து வரவேற்றார்கள். வாடிகனில் போப் பிரான்ஸிஸே சந்தித்தார். ஆனால் கிரீஸில், லாரிஸா நகரில் சிலர் கல்லெறிந்தார்கள். மெடியோரா மடங்களின் பக்கம், முஸ்லிம் பொம்மை என்று சொல்லி அனுமதி மறுத்தார்கள். பொம்மை மேல் கல் விழுந்ததற்கே நமக்குப் பதறுகிறதே, அதே பாதையில் நிஜமாக நடந்த குழந்தைகளை எண்ணிப் பாருங்கள்!

இதையெல்லாம் பேத்தியின் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் என் மாமியார். அப்போது அவருக்கு வயது 88.

"ஏம்மா, அந்தப் புள்ளைக்கு யாராச்சும் சோறு போட்டாங்களா?" என்றார்.

"அது பொம்மை, அத்தை."

"நான் பொம்மை இல்லையே!"

எனக்குப் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். 1942-இல், ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது, அவருக்கும் வயது 9. தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு மணிப்பூர் மலைகளை நடந்தே தாண்டினாராம். வழியில் தாயாரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். பாஷை தெரியாத ஒரு மலைநாட்டுப் பெண் இலையில் ஒரு பிடி சோறு வைத்துக் கொடுத்து, தலையை வருடிவிட்டாளாம். நாற்பது வருஷம் ஒரே சமையலறையில் சேர்ந்து சமைத்திருக்கிறோம். இதை அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

எங்கோ தென்னாப்பிரிக்காவில் செய்த ஊமைப் பொம்மை, எங்கள் வீட்டில் ஒருவரைப் பேச வைத்துவிட்டது!

அமல் 2021 நவம்பர் 3-ஆம் தேதி மான்செஸ்டர் போய்ச் சேர்ந்தாள். மாமியார் அடுத்த வருஷம் காலமானார். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ரங்கூனோ, கொழும்போ, பினாங்கோ பார்த்துத் திரும்பிய பெரியவர் ஒருவர் மூலையில் உட்கார்ந்திருக்கலாம். காப்பியைக் கையில் கொடுத்து, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்களேன்!